விடத் தெரிந்தால்தான் வீடு!

சிறுவாபுரிக்குப் போயிருக்கிறீர்களா? செவ்வாய்க்கிழமை காலையில் போய்ப் பார்க்க வேண்டும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே போனால் பாலசுப்பிரமணியர் கோயில். சொந்த வீடு வேண்டும் என்று ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து வேண்டிக்கொள்ளும் கூட்டம், வரிசை வரிசையாக நிற்கும். சின்னச் சின்னக் கற்களை வீடு மாதிரி அடுக்கி வைத்து, கைகூப்பி நிற்கும் பெண்களைப் பார்க்கும்போது நமக்கே கண் கலங்கும். வாடகை வீட்டின் வேதனை தெரிந்தவர்களுக்குத்தானே அந்தக் கற்களின் கனம் புரியும்!

அப்படி ஒரு செவ்வாயன்று பிராகாரத்தில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த ஓர் அம்மாள் பேச்சுக் கொடுத்தார். வேண்டுதல் பலித்து, நன்றி சொல்ல வந்தவர் அவர். முகமெல்லாம் சந்தோஷம். கொஞ்ச நேரம் கழித்து, தானாகவே சிரித்துக்கொண்டு சொன்னார்: "கேட்டதைக் குடுத்துட்டார்மா முருகன். மூணு பெட்ரூம். ஆனா பாரு, சாயந்திரம் விளக்கேத்தலாம்னு போனா தீப்பெட்டியைத் தேடவே பத்து நிமிஷம் ஆயிடறது. ஒரே ஒரு ரூம்ல இருந்தப்ப கண்ணை மூடிண்டு எடுப்பேன்!"

நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு வெகுநேரம் நீடிக்கவில்லை. என் வீட்டுப் பரண் ஞாபகத்துக்கு வந்தது. மூடி தொலைந்த டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள், எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக் கொத்து, வாங்கிய நாளிலிருந்து பிரிக்காத ஒரு கண்ணாடிக் கிண்ண செட்... இவையெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

வீடு வேண்டும் என்று இறைவனிடம் கேட்கிறோம். அவனும் தருகிறான். அந்த வீட்டில் வாழ்வது நாமா, நம் சாமான்களா? விளையாட்டாகத் தோன்றும் இந்தக் கேள்வியில், கொஞ்சம் உள்ளே போனால், ஒரு தர்ம விசாரமே இருக்கிறது. அதைத்தான் இந்த வாரம் உங்களோடு பேசிப் பார்க்கலாம் என்று ஆசை.

காட்டுப்பள்ளியில் கிடைத்த பாடம்

அன்றைக்கே எனக்குக் காட்டுப்பள்ளி வரை போக வேண்டியிருந்தது. பொன்னேரி வழியாக மீஞ்சூர் வந்து, வடகாஞ்சி என்று பெயர் பெற்ற அந்த ஊரில் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் சேவித்துவிட்டுக் கிழக்கே கிளம்பினேன்.

காட்டுப்பள்ளி, கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் நீண்ட மணல்திட்டு. கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி, தெற்கே எண்ணூர். பெயரில் காடும் பள்ளியும் இருந்தாலும், இன்று கண்ணில் படுவது லாரிகள்தாம். 2010-ல் இங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நன்னீர் எடுப்பதற்காகக் கட்டப்பட்ட நிலையம் அது. 2013-ல் துறைமுகம் செயல்படத் தொடங்கியது. கப்பலிலிருந்து இறங்கும் கன்டெய்னர் பெட்டிகள் மலை மலையாய் அடுக்கியிருப்பதைத் தூரத்திலிருந்தே பார்க்கலாம்.

சரக்குப் போக்குவரத்து வேலையில் இருக்கும் தம்பி முறை உறவினர் ஒருவர் உடன் வந்தார். "இவ்வளவு பெட்டிகளில் உங்களுக்கு வேண்டியதை எப்படியப்பா கண்டுபிடிக்கிறீர்கள்? எனக்கு என் வீட்டில் கத்தரிக்கோலையே கண்டுபிடிக்க முடியவில்லையே!" என்றேன்.

அவர் சொன்ன விவரம் சுவாரஸ்யமானது. ஒவ்வொரு பெட்டிக்கும் நான்கு எழுத்து, ஏழு இலக்கம் கொண்ட தனி எண் உண்டு. எந்தப் பெட்டி எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கிறது என்பது பதிவாகியிருக்கும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது, முதலில் வெளியே போக வேண்டியது அடியில் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வார்கள். ஏனென்றால் அடியில் இருப்பதை எடுக்க, மேலே இருக்கும் மூன்றையும் நகர்த்த வேண்டும். அந்த நகர்த்தல் அத்தனையும் தண்ட வேலை. அதனால் எந்தப் பொருளும் ஊர் போய்ச் சேர்ந்துவிடாது!

இன்னொன்றும் சொன்னார். பெட்டி இறங்கிய பிறகு சில நாட்கள்வரை கட்டணம் கிடையாது. அதற்குள் உரியவர் எடுத்துப் போய்விட வேண்டும். தவறினால் வாடகை. நாள் ஏற ஏற, வாடகையும் ஏறும். "இது கோடவுன் இல்லக்கா. பொருள் கடந்து போற இடம். இங்கேயே தங்கணும்னா காசு குடுத்துத்தான் தங்கணும்."

சட்டென்று எனக்கு உறைத்தது. நம் வீட்டில் சும்மா கிடக்கும் பொருளுக்கும் வாடகை உண்டு. அதை நாம் பணமாகக் கட்டுவதில்லை, நேரமாகக் கட்டுகிறோம்!

இட்லிப் பானையை எடுக்க அதன் மேலே இருக்கும் குக்கர், அதற்கு மேலே இருக்கும் தாம்பாளம், அதற்கு மேலே யாரோ கொடுத்த பிளாஸ்டிக் கூடை எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி ஏற்றுகிறோம். தூசி தட்டுகிறோம். மழைக்காலத்தில் எடுத்து வெயிலில் போடுகிறோம். 'எங்கே வைத்தேன்' என்று தேடுகிறோம். தேடுவதில் மட்டும் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 60 மணி நேரம்! லலிதா சஹஸ்ரநாமத்தை நிதானமாகப் பாராயணம் செய்ய முக்கால் மணி நேரம் என்று கணக்கிட்டால், 80 முறை பாராயணம் செய்யும் நேரத்தை டப்பா மூடி தேடுவதற்குத் தட்சிணையாகக் கொடுக்கிறோம். 'பூஜைக்கு நேரமே இல்லை' என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது, பரண் மேலிருந்து அந்தப் பிரிக்காத கிண்ண செட் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

அந்த ஊரின் குடிநீர் நிலையமும் ஒரு பாடம் சொல்லாமல் இல்லை. கடலில் தண்ணீருக்குப் பஞ்சமா? ஆனால் ஒரு டம்ளர் குடிக்க முடியாது. உப்பைப் பிரித்து வெளியேற்றிய பிறகே அது தாகத்துக்கு உதவுகிறது. எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எதை நீக்கினோம் என்பதும் முக்கியம்தானே?

தமிழே சொல்லும் ரகசியம்

நான் கல்லூரியில் தமிழ் படித்தவள். இலக்கண வகுப்பில் ஒரு சின்ன விஷயம் வரும். 'கெடு' என்ற வினை நீண்டு 'கேடு' என்று பெயராகும். 'சுடு' என்பது 'சூடு' ஆகும். அதேபோல 'விடு' என்பது நீண்டு 'வீடு' ஆகும். முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பார்கள். அறம், பொருள், இன்பம், வீடு என்று நான்காவதாகச் சொல்லும்போது, அந்த வீடு மோட்சத்தைக் குறிக்கிறது. பற்றுகளை விட்ட நிலைக்கு வீடு என்று பெயர். நாம் குடியிருக்கும் இடத்துக்கும் அதே பெயர்தான்! வெளியுலகத்தின் அலைச்சலையெல்லாம் விட்டுவிட்டு வந்து அமரும் இடம் என்பதால் இந்தப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றும். செருப்பை வாசலில் விடுகிறோம். கோபத்தையும் களைப்பையும் அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வர முடிந்தால் அதுதான் வீடு.

வேண்டாத சாமான்கள் நெருக்கியடித்துக் கிடப்பதற்கும் தமிழில் ஒரு நல்ல சொல் இருக்கிறது: அடைசல். 'அடை' என்ற வினையிலிருந்து வந்தது. அடைதல் என்றால் பெறுதல். அடைத்தல் என்றால் வழியை மூடுதல். ஆசைப்பட்டு அடைந்ததெல்லாம், விடத் தெரியாதபோது அடைசலாகி நம்மையே அடைத்துவிடுகிறது. இதைவிட எப்படியம்மா ஒரு மொழி உபதேசம் செய்யும்?

கோயிலைக் கவனித்திருக்கிறீர்களா?

நாம் வாராவாரம் போகும் கோயிலை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். வெளியே ராஜகோபுரத்தில் எத்தனை எத்தனை சுதைச் சிற்பங்கள்! உள்ளே போகப் போக மண்டபம், தூண்கள் என்று குறைந்துகொண்டே வரும். கர்ப்பகிருகத்துக்கு முன்னால் நின்றால் என்ன இருக்கிறது? ஒரு மூர்த்தி. ஒரு விளக்கு. கொஞ்சம் இருட்டு. அவ்வளவுதான். சிதம்பரத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், திரையை விலக்கினால் வெட்டவெளியும் தங்க வில்வ மாலையுமே ரகசியம். உள்ளே செல்லச் செல்ல பொருள் குறைய வேண்டும், பொருள் கூட வேண்டும்! முதலில் சொன்ன பொருள் சாமான், இரண்டாவது அர்த்தம்.

அந்த மூலவருக்கு நேற்று சாத்திய மாலை, எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், யார் சமர்ப்பித்ததாக இருந்தாலும், இன்று காலை அதற்கு நிர்மால்யம் என்று பெயர். அதைக் களைந்த பிறகுதான் இன்றைய அபிஷேகம். நேற்றைய பூவின் மேல் இன்றைய பூவைச் சாத்துவதில்லை.

நம் வீட்டுச் சடங்குகளிலும் இதே பாடம்தான். விநாயக சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாரை வாங்கி வந்து, ஆவாஹனம் செய்து, கொழுக்கட்டை படைத்து, பிறகு 'போய் வா' என்று வழியனுப்பித் தண்ணீரில் கரைத்துவிடுகிறோம். வரலட்சுமி நோன்புக் கலசத்தின் அரிசி வீணாவதில்லை. பாயசமோ பொங்கலோ ஆகிறது. வாசலில் போட்ட கோலம் மாலைக்குள் அழிந்துவிடும் என்று தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் புள்ளி வைக்கிறோம். நவராத்திரி முடிந்ததும் ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மறுநாள் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி, பெட்டியில் அடுக்கி, மேலே எழுதியும் வைக்கிறோம். தசாவதார செட் எந்தப் பெட்டி, செட்டியார் எந்தப் பெட்டி என்று நமக்குத் தெரியும். காட்டுப்பள்ளியில் பெட்டிக்கு எண் போடுகிறவர்களுக்கு நாம் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை! ஒன்பது நாள் பொம்மைக்குக் காட்டும் அந்த ஒழுங்கை, 365 நாளும் புழங்கும் அடுப்படிக்குக் காட்டுகிறோமா என்பதுதான் கேள்வி.

சாமி படம் போட்ட பத்திரிகையை என்ன செய்வது?

'எல்லாம் சரி, பூஜையறையில் கை வைக்கத்தான் பயமாக இருக்கிறது' என்கிறீர்களா? எனக்கும் அப்படித்தான். எந்தக் கோயிலுக்குப் போனாலும் ஒரு விபூதிப் பொட்டலம், ஒரு குங்குமப் பொட்டலம். வருடத்துக்கு நான்கு காலண்டர். எல்லாவற்றிலும் பெருமாளும் லட்சுமியும். உறவினர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் பிள்ளையார். கிழிக்கப் பயம், எறியப் பாவம் என்று ஓரமாகச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் சாமிக்கு முன்னால் நாம் உட்கார இடமில்லை!

பலர் செய்யும் காரியம் உங்களுக்கே தெரியும். கண்ணாடி உடைந்த சாமி படங்களைக் கோயில் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வருவார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிப் பாராமல் வந்துவிடலாம். ஆனால் என்ன செய்திருக்கிறோம்? நம் வீட்டு அடைசலைக் கோயிலுக்கு மாற்றியிருக்கிறோம். மரத்தைச் சுற்றி வருகிறவர்களின் காலில் கண்ணாடிச் சில்லு குத்தும். ஆற்றில் விடலாம் என்றால், பிளாஸ்டிக் பூசிய படமும் ஃபிரேமும் எந்த நீரில் கரையும்?

பக்தியோடு சேர்ப்பது போலவே பக்தியோடு விடவும் ஒரு முறை வேண்டும். களிமண் பிள்ளையாருக்கு நாம் செய்வதைத்தான் இங்கேயும் செய்யலாம். படத்தைக் கழற்றி, ஒரு நமஸ்காரம் செய்து, கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே பிரித்துவிடுங்கள். வெறும் காகிதமாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் மஞ்சள் சேர்த்து ஊறவைத்து, கரைந்ததும் செடிக்கு அடியில் சேர்த்துவிடலாம். விபூதிகளை ஒரே மரவையில் கொட்டிக்கொள்ளுங்கள். பழனியும் திருச்செந்தூரும் ஒன்றாகக் கலந்தால் முருகன் கோபித்துக்கொள்வாரா என்ன! உலர்ந்த பூ, செடிக்கு உரம். உங்கள் குடும்பத்தில் வேறு வழக்கம் இருந்தால் பெரியவர்களிடமோ வாத்தியாரிடமோ கேட்டுச் செய்யுங்கள். பயத்தால் எதையும் பிடித்து வைத்திருக்க வேண்டாம். பயத்தால் வைத்திருப்பதற்குப் பக்தி என்று பெயரில்லையே.

'பாட்டி எதையும் எறிந்ததில்லையே!'

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். 'எங்கள் பாட்டி ஒரு கயிற்றைக்கூடத் தூக்கிப் போட மாட்டாள். சிக்கனம் நல்ல குணம்தானே? சேர்த்து வைப்பது எப்படிப் பாவமாகும்?'

பாட்டி எறியவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் பாட்டி முடக்கியும் வைக்கவில்லை. பழைய புடவை தூளியாகும், பிறகு கந்தல் மெத்தையாகும், பிறகு கரித்துணியாகும். ஊறுகாய் ஜாடி ஊறுகாய்க்குத்தான். ஒவ்வொரு பொருளும் நடமாடிக்கொண்டே இருந்தது. நம் வீட்டில் பொருள் நிற்கிறது. வித்தியாசம் அங்கேதான்.

பதஞ்சலி முனிவர் யோகத்தின் முதல் அங்கமான யமத்தில் ஐந்து கட்டுப்பாடுகளைச் சொல்கிறார். அகிம்சை, சத்தியம், திருடாமை, பிரம்மசரியம் ஆகியவற்றோடு ஐந்தாவது அபரிக்கிரகம். அதாவது, தேவைக்கு மேல் சேர்க்காமை. கொல்லாதே, பொய் சொல்லாதே என்பவற்றோடு ஒரே வரிசையில் இதையும் வைத்திருக்கிறாரே, ஏன்? என் சிற்றறிவுக்கு எட்டியது இதுதான்: நான் உபயோகிக்காத போர்வை என் பரணில் இருக்கும் வரைக்கும், அது குளிரில் நடுங்கும் யாருக்கும் கிடைக்காது. 'என்றைக்காவது தேவைப்படும்' என்கிறோம். அந்த 'என்றைக்காவது' என்ற சொல்லில், நாளைக்குத் தெய்வம் நம்மைக் காப்பாற்றாது என்ற சந்தேகமும் கொஞ்சம் ஒளிந்திருக்கிறது, இல்லையா?

எறிந்தால் எங்கே போகும்?

சரி, இன்றைக்கே எல்லாவற்றையும் அள்ளி எறிந்துவிட்டால் ஆயிற்றா? அங்கேதான் தர்மசங்கடம்.

போகி என்றதும் 'பழையன கழிதல்' என்கிறோம். இதன் மூலம் பவணந்தி முனிவரின் நன்னூல். அவர் பேசியது சாமான்களைப் பற்றியே அல்ல, சொற்களைப் பற்றி! பழஞ்சொற்கள் வழக்கொழிவதும் புதுச்சொற்கள் வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு, குற்றமல்ல என்பது அந்த இலக்கண விதியின் கருத்து. சொல் வழக்கொழிந்தால் புகை வராது. டயரும் பிளாஸ்டிக்கும் எரிந்தால் வருமே! 2018 போகியன்று பனியோடு புகையும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் விமானங்களே தாமதமானது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

எரிக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டால்? வடசென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் கொடுங்கையூர். அதைச் சுற்றியும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கேயும் பெண்கள் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். துறைமுகத்தில் இறங்கிய பொருள் நம் வரவேற்பறைக்கு வந்து, பரணுக்கு ஏறி, அங்கிருந்து இறங்கி, இன்னொருத்தி வாசலுக்குப் போய்ச் சேர்கிறது. நம் வீடு சுத்தமானது, அவள் வீடு? நான் கண்ணால் பார்க்காத இடத்துக்கு ஒன்றைத் தள்ளிவிட்டால், நான் அதை விட்டுவிட்டேன் என்று அர்த்தமாகுமா?

தானம் செய்தால் சரியாகிவிடும் என்றும் உடனே சொல்லிவிட முடியாது. கடோபநிஷத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். நசிகேதனின் தந்தை பெரிய யாகம் செய்து, உள்ளதையெல்லாம் தானம் கொடுக்கிறார். கொடுத்த பசுக்களைச் சிறுவன் பார்க்கிறான். புல் தின்னவும் தண்ணீர் குடிக்கவும்கூடத் திராணியற்ற, பால் வற்றிப்போன கிழட்டுப் பசுக்கள்! தனக்கு உதவாததைத் தள்ளிவிட்டுப் புண்ணியம் தேடும் அப்பாவைப் பார்த்து அந்தப் பிள்ளையின் மனம் துடிக்கிறது. 'என்னை யாருக்குத் தரப் போகிறீர்கள்?' என்று விடாமல் கேட்டு, கோபத்தில் தந்தை 'எமனுக்கு' என்று சொல்லும் இடத்துக்குக் கதை போகிறது. உயர்ந்த ஆத்ம வித்தையே உபதேசமான அந்த உபநிஷத்து, உதவாத பொருளைத் தானம் கொடுத்த தவற்றில்தான் தொடங்குகிறது!

ஜிப் போன பையையும் காது போன கரண்டியையும் வேலை செய்யும் பெண்ணிடம் நீட்டி, 'எடுத்துக்கோம்மா' என்கிறோமே, அது எந்தப் பசு? அவள் மறுக்கவும் முடியாமல் வாங்கிக்கொண்டு போய், தெருமுனையில் போட்டுவிட்டுப் போவாள். கொடுப்பதானால், இன்னும் ஆயுள் இருக்கும்போதே கொடுக்க வேண்டும். பிள்ளைக்குச் சின்னதாகிவிட்ட சட்டையை, சாயம் போகும் முன்னால், துவைத்து மடித்து, 'உங்க பையனுக்குச் சரியா இருக்குமா பாருங்க' என்று கேட்டுக் கொடுங்கள். அந்தக் கேள்வியில்தான் தானத்தின் மரியாதை இருக்கிறது.

எடுத்து வர முடியாத ஒன்று

காட்டுப்பள்ளியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் மீன் கூடையோடு ஓர் அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார். கப்பல் தளமும் துறைமுகமும் வந்தபோது, கடலோரமாக இருந்த மீனவக் குடும்பங்கள் பழைய குப்பத்தை விட்டு வேறிடத்துக்குப் பெயர்ந்தன. அப்படி வந்தவர்களில் அவரும் ஒருவர். வீட்டை ஒழுங்கு செய்வதைப் பற்றியே காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன் அல்லவா, அந்த மயக்கத்தில் கேட்டுவிட்டேன்: "வீடு மாத்தும்போது முதல்ல எதை எடுத்தீங்கம்மா?"

"சாமி படம், சோத்துப் பானை, ரேசன் கார்டு. அவ்ளோதான் கண்ணு மொத நடை. வலையெல்லாம் அப்பால வந்துது."

"எதையாவது விட்டுட்டு வந்தீங்களா?"

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "வாசப்படில நின்னா கடலு தெரியும். அத எந்த வண்டில ஏத்திகினு வர்றது?"

அதற்கு மேல் எனக்குப் பேச வாய் வரவில்லை. வேண்டாததை விடுவது பற்றி நான் எழுத நினைத்த வாக்கியங்களெல்லாம் அந்த இடத்தில் நின்றுவிட்டன. தானாக விடுவது வேறு. விட வைக்கப்படுவது வேறு. முன்னதற்குத் துறவு என்று பெயர் கொடுக்கலாம். பின்னதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தால் அது பாவம். எதை எறிவது என்று தெரியாமல் நாம் தவிப்பது, இருப்பவர்களின் தவிப்பு. அந்த நினைப்பு இருந்தால், வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்யும்போது நமக்குக் கர்வம் வராது, நன்றிதான் வரும்.

இன்னொன்றும் புரிந்தது. எல்லாப் பொருளும் அடைசல் இல்லை. மாமியாரின் தேய்ந்துபோன சந்தனக் கல், அப்பா எழுதிய ஒரே ஒரு கடிதம், முதல் குழந்தையின் வெள்ளி அரைஞாண்... இவற்றை விடச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவை நம் வாசலில் தெரிந்த கடல். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் கடிதம் இப்போது எங்கே இருக்கிறது என்று உடனே எடுத்துக் காட்ட முடியுமா? பழைய மின்சார பில்களுக்கு நடுவில் அல்லவா புதைந்து கிடக்கிறது! வேண்டியது நம் கையில் தங்க வேண்டும் என்பதற்காகத்தான் வேண்டாததை விடுகிறோம்.

மிச்சமாகும் நேரம் யாருக்கு?

கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகச் சென்று புல்லும் புதரும் செதுக்கியவர் அப்பர் பெருமான். திருப்புகலூரில் அவர் தொண்டு செய்த இடத்தில் பொன்னும் மணியும் தோன்றும்படி செய்து இறைவன் சோதித்தான். அவரோ கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே வாரிக் குளத்தில் எறிந்தார். நம்மால் அந்த அளவுக்கு முடியாது. பரவாயில்லை. ஆனால் சுத்தம் செய்வதும் வழிபாடு என்பதை அவரிடம் கற்றுக்கொள்ளலாம்.

நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கும் திருநின்றவூர், பூசலார் நாயனாரின் ஊர். கையில் காசில்லாத அந்த அடியார் மனத்துக்குள்ளேயே செங்கல் செங்கல்லாக அடுக்கிக் கோயில் கட்டினார். காஞ்சியில் பல்லவ மன்னன் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்கை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லிவிட்டு, இறைவன் பூசலாரின் மனக்கோயிலுக்கு எழுந்தருளினான் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. ஒரு கல்கூட இல்லாத கோயில் அது. ஆனால் அதைக் கட்ட அவரிடம் ஒன்று இருந்தது: நேரம். அமைதியாக அமர்ந்து நினைக்க நேரம்.

நாம் மீட்கும் அந்த 60 மணி நேரத்தை என்ன செய்வது? இன்னும் நான்கு வேலைகளை இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். வீட்டிலுள்ளோர் எல்லாரும் சேர்ந்து சேர்த்த அடைசலுக்கு நாம் மட்டுமே நேரத்தால் வாடகை கட்டுகிறோம் என்பதும் உண்மைதானே? அதனால் ஒழிப்பதிலும் வீட்டிலுள்ள அத்தனை பேரும் பங்கெடுக்கட்டும். மீளும் நேரத்தில் கொஞ்சம் ஸ்வாமிக்கு, கொஞ்சம் பேசக் காத்திருக்கும் வயதானவர்களுக்கு, கொஞ்சம் உங்களுக்கு. ஊஞ்சலில் சும்மா உட்கார்ந்திருப்பதும் குற்றமில்லை!

ஆறு செவ்வாய்க்கிழமை

வீடு கிடைக்க ஆறு செவ்வாய். கிடைத்த வீடு வீடாக இருக்கவும் ஓர் ஆறு செவ்வாய் எடுத்துக்கொள்வோமா? ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் போதும்.

முதல் செவ்வாய் பூஜையறை. படங்களைத் துடைத்து, பொட்டலங்களை ஒன்றாக்கி, தீப்பெட்டிக்கும் திரிக்கும் எண்ணெய்க்கும் மாறாத ஓரிடம் வையுங்கள்.

இரண்டாவது அடுப்படி. தினமும் எடுப்பது கைக்கெட்டும் உயரத்தில். வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது மேலே. தீபாவளிக்கு எடுப்பது பரணில். காட்டுப்பள்ளிப் பாடம் இதுதான்.

மூன்றாவது துணி அலமாரி. ஒரு வருடமாகக் கட்டாத புடவை, இன்னொருத்தி தீபாவளிக்குக் கட்டக்கூடிய நிலையில் இருக்கும்போதே வெளியே வரட்டும்.

நான்காவது காகிதங்கள். வேண்டிய பத்திரங்கள் ஒரே பையில், பெயர் எழுதி. மற்றது பழைய பேப்பர்காரருக்கு.

ஐந்தாவது பரண். இறக்கியதில் பாதி மீண்டும் ஏறாமல் இருந்தால் அதுவே வெற்றி.

ஆறாவது செவ்வாய் வாசல். அதாவது, உள்ளே வரும் வழி. கடையில் ஒன்றை எடுக்கும்போதே, அது வீட்டில் எங்கே உட்காரும் என்று கேளுங்கள். இடம் நினைவுக்கு வரவில்லை என்றால் அந்தப் பொருள் கடையிலேயே இருக்கட்டும். வெளியே போகும் வழியை மட்டும் திறந்துவிட்டு, வரும் வழியைக் கவனிக்காவிட்டால், வருஷா வருஷம் இதே கதைதான்.

சிவன் கோயிலில் சண்டிகேஸ்வரர் சந்நிதியில் நின்று, 'இங்கிருந்து எதையும் எடுத்துச் செல்லவில்லை' என்று இரு கைகளையும் விரித்துக் காட்டிவிட்டு வருகிறோமே, அந்த விரித்த கைகள் எவ்வளவு லேசாக இருக்கின்றன என்று அடுத்த முறை கவனியுங்கள். கூப்புவதற்கும் கை காலியாகத்தானே இருக்க வேண்டும்!

அடுத்த செவ்வாய் மாலை, உங்கள் கை தேடாமலே தீப்பெட்டியைத் தொடட்டும். விளக்கு ஏறட்டும்.